பழைய மாட்டுக்கொட்டிலின் பெயர்

‘கரெக்டர்’ உள்ள வீடு எண்டால் என்ன? எங்களுக்கு வந்த வேலைக்குறிப்பில் இந்தச் சொல் பதினொரு இடத்தில் இருந்தது. வேல்ஸ் நாட்டின் கரையோரத்திலும் கிராமங்களிலும் விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள், மொத்தம் 40. ஒவ்வொன்றுக்கும் முந்நூறு சொல்லில் ஓர் அறிமுகம் எழுத வேண்டும். வாசிக்கிறவருக்கு அந்த வீட்டின் கரெக்டர் தெரிய வேண்டும். வேலையை எடுத்துத் தந்தது எங்கட பீடத்தில் படித்து வெளியேறின ஒரு சீனியர் அக்கா. இணையத்தில் இப்படியான எழுத்துவேலைகளை எடுத்து, பிரித்துக் குடுத்து, காசு வந்ததும் பங்கு தாறவ. நாங்கள் மூன்று பேர், மூன்றாம் வருடம், ஒரே அறை. ஒருத்தி புவியியல், ஒருத்தி மொழியியல், ஒருத்தி ஆங்கிலம். இப்படி ஒரு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான கூட்டணி கிடைக்காது எண்டு அக்கா சொன்னா. ஒரு வீட்டுக்கு 350 ரூபா என்பதையும் அதே மூச்சில் சொன்னா.

வேல்ஸுக்கு எங்களில் ஒருத்தரும் போனதில்லை. கையில் இருந்தது வீட்டுக்காரர் அனுப்பின குறிப்பு, வீட்டுக்கு இருபது படம், பிறகு இணைய வரைபடம். அந்த வரைபடத்தில் தெருவில் இறங்கி நடக்கலாம். கடற்கரைக்குப் போகும் ஒடுங்கின பாதை, இரண்டு பக்கமும் கல்மதில், மதிலுக்கு மேலே பற்றை, ஒரு வளைவு தாண்டினால் சாம்பல் நிறக் கடல். இரவு இரண்டு மணிக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரு மடிக்கணினிக்கு முன்னால் குந்தியிருந்து பெம்புரோக்ஷயர் கிராமங்களுக்குள் நடந்து திரிந்தோம். ஒரு கிழமை வாடகையை ரூபாயாக்கிப் பார்த்தபோது, எங்கள் மூன்று பேருடைய ஒரு வருடத்துப் போர்டிங் காசுக்குக் கிட்ட வந்தது. அதற்குப் பிறகு ரூபாயாக்கிப் பார்க்கிறதை விட்டுவிட்டோம்.

வீட்டுக்காரர் நிரப்பி அனுப்பின படிவத்தில் ஒரு பத்தி இருந்தது: ‘இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது?’ அந்தப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே வாசித்தால் ஒரு முழு நாட்டின் வேலைப்பட்டியல் மாதிரி இருக்கும். மாட்டுக்கொட்டில், தானியக் களஞ்சியம், தண்ணீரில் ஓடும் ஆலை, பள்ளிக்கூடம், தபால்கந்தோர், தேவாலயம், மீனவர் குடில், கல்லுடைப்பவர் வரிசைவீடு. விடுமுறைக்கெண்டு கட்டின வீடு அந்த 40இல் ஒன்றுகூட இல்லை. யாரோ வேலை செய்த இடத்தில், யாரோ வேலை முடிந்து வந்து படுத்த இடத்தில்தான் இப்போது விருந்தினர் ஓய்வெடுக்கிறார்கள்.

கரெக்டர் எண்டு அவர்கள் சொல்வதும் பெரும்பாலும் அந்த வேலையின் தழும்புகளைத்தான். சுவர் இரண்டு முழத் தடிப்பு, ஏனெண்டால் அட்லாண்டிக் காற்று அப்படி. ஜன்னல் சின்னது, அதுவும் காற்றுக்காகத்தான். கூரை ஸ்லேட் கல். வடமேற்கு வேல்ஸின் மலைகளை உடைத்து எடுத்த அந்தக் கல் கப்பலேறி உலகமெல்லாம் போனது. அந்தக் குவாரி நிலப்பரப்பை 2021இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது. மேற்கு வேல்ஸின் பழைய குடில்களில் ‘க்ரோக்லொஃப்ட்’ எண்டு ஒன்று உண்டு. ஒரே அறை வீடு, அதன் ஒரு பக்கத்தில் கூரைக்குக் கீழே பலகை போட்டு, ஏணி வைத்து ஏறிப் படுக்கிற பரண். வீட்டில் இடம் போதாததால் ஒரு குடும்பம் கண்டுபிடித்த வழி. இன்றைக்குப் படத்தில் வெள்ளைத் தலையணையும் சின்ன மின்விளக்கும் வைத்து ‘காதலருக்கு உகந்த பரண்’ எண்டு எழுதப்படுகிறது. நாங்களும் அப்படி எழுதினோம். வாசிக்க நல்லாத்தான் இருந்தது.

வேலையை எங்களுக்கு உண்மையில் பிடிக்க வைத்தது பெயர்கள்.

வெல்ஷ் மொழியில் ‘ரீ’ என்றால் வீடு. தேத்தண்ணி இல்லை, வீடு. ‘ரீ க்வின்’ வெள்ளை வீடு. ‘ரீ நெவித்’ புது வீடு, அதற்கு 200 வயதும் இருக்கலாம். ‘மெலின்’ ஆலை. ‘அஸ்கிபோர்’ களஞ்சியம். ‘கப்பெல்’ தேவாலயம், அதைக் கப்பல் எண்டு வாசித்து ஒருத்தி சிரித்துக் களைத்தாள். ‘பெய்டி’ மாட்டுக்கொட்டில், அந்தச் சொல்லைப் பிரித்தால் உள்ளே மாடும் வீடும் இருக்கும். இந்தப் பெய்டிக்கு முன்னால் பழைய என்று பொருள்படும் ‘ஹென்’ வந்தால் அது ‘ஹென் பெய்டி’ ஆகாது, ‘ஹென் வெய்டி’ ஆகும். முன்னால் வருகிற சொல்லுக்கு ஏற்ப அடுத்த சொல்லின் முதலெழுத்தே மாறிப்போகும். மொழியியல்காரி இதைப் பார்த்ததும் எழும்பிக் குந்திவிட்டாள். “எடியே, இது கிட்டத்தட்ட எங்கட புணர்ச்சி மாதிரி. நன்னூல் படிச்ச எங்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை.” அதோடு அவர்களுக்கு ஓர் எழுத்து இருக்கிறது. ‘ல’ சொல்ல நாக்கை வைத்து, குரலை விட்டுவிட்டு, பக்கத்தால் காற்றை மட்டும் ஊத வேண்டும். வெளியாட்களுக்கு அது வராது. எங்கட ‘ழ’வுக்கு ஒரு தூரத்துச் சொந்தக்காரி.

பெயர்களில் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது ‘ஹாவொட்’, ‘ஹெந்த்ரெ’ என்ற இரண்டும். பட்டியலில் இவை அடிக்கடி வந்தன. வேல்ஸ் மலைநாட்டு விவசாயிகளுக்கு ஒரு காலத்தில் இரண்டு வீடு இருந்தது. குளிர்காலத்தில் பள்ளத்தாக்கில் இருக்கிற பழைய இருப்பிடம், அது ஹெந்த்ரெ. கோடை வந்ததும் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேய்ச்சலுக்குப் போய், அங்கே தங்கிப் பால் கறந்து, வெண்ணெயும் சீஸும் செய்வார்கள், அது ஹாவொட், கோடை வீடு. ஆக இரண்டாவது வீடு என்பது அந்த நாட்டுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த இரண்டு வீட்டையும் கட்டியிருந்தது ஒரே குடும்பத்தின் வேலை. மாடு போன வழியே ஆட்களும் போனார்கள், மாடு இறங்கியபோது இறங்கினார்கள்.

இன்னொரு கதை, ‘ரீ இன்னோஸ்’. ஒரு இரவு வீடு. பொதுக்காணியில் இருட்டியதும் கட்டத் தொடங்கி, விடியும்போது புகைபோக்கியால் புகை வந்துவிட்டால் வீடு கட்டினவருக்கே சொந்தம். வாசலில் நின்று கோடரியை எறிந்தால் அது விழுகிற தூரம்வரை காணியும் சொந்தம். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஆனால் காணியில்லாத சனம் இதை நம்பியது, நம்பிச் சொந்தக்காரரையும் அயலவரையும் கூட்டி இரவிரவாகக் கட்டியும் இருக்கிறது. அப்படி ஒரு நாட்டில் இண்டைக்கு ‘ஒரு இரவு’ எண்டால் வாடகைக் கணக்கு.

பாதி வேலை முடிந்தபோது புவியியல்காரி ஒரு விசயத்தைக் கவனித்தாள். தெருவில் நடக்கும் வரைபடத்தில் படம் எடுத்த மாதத்தை மாற்றிப் பார்க்கலாம். லீன் தீபகற்பத்தில் ஒரு கடற்கரை ஊர். கோடைகாலப் படத்தில் கார் நிறுத்த இடமில்லை, வாசலெல்லாம் படகும் ஈர உடுப்பும். குளிர்காலப் படத்தில் அதே தெரு. வரிசையாக வீடு, ஒரு வாசலிலும் ஒரு வண்டி இல்லை, ஒரு ஜன்னலிலும் திரை திறந்திருக்கவில்லை. “சனம் எங்க போட்டுது?” எண்டு கேட்டாள். அன்றைக்கு இரவு நாங்கள் எழுதவில்லை. வாசித்தோம்.

லீன் தீபகற்பத்தின் அபர்சோக் ஊரில் வீடுகளின் பெரிய பங்கு, ஊருக்கு வெளியே இருப்பவர்களின் இரண்டாவது வீடோ விடுமுறை வீடோதான். அந்த ஊர்ப் பாலர் பள்ளிக்கூடம் 2021 டிசம்பரோடு மூடப்பட்டது. மூடும்போது பிள்ளைகள் பத்துப்பேர் அளவில். பள்ளிக்கூடம் மூடுவதற்கு விடுமுறை வீடுகள் மட்டும்தான் காரணம் எண்டு ஒரு கோடு போட்டுவிட ஏலாது. இளம் ஆட்கள் வேலை தேடிப் போவதும் பிள்ளைகள் குறைவதும் எல்லா நாட்டுக் கிராமங்களிலும் நடக்கிறது. ஆனால் திரும்பி வர விரும்புகிற ஒருத்தருக்கு ஊரில் வாங்கக்கூடிய விலையில் வீடு இல்லாவிட்டால், போனவர் போனவர்தான். பக்கத்தில் நெவின் எண்டு ஒரு சிறு பட்டினம். 2020 செப்ரெம்பரில் அங்கேயிருந்து ஒரு கூட்டம் மாவட்ட சபை இருக்கிற கனார்வன் வரைக்கும் நடந்தே போனது. அவர்களின் இயக்கத்துக்குப் பெயர் ‘ஹாவ்ல் இ வியூ அத்ரா’. சொந்த ஊரில் வாழும் உரிமை.

இதற்கு முன் கதையும் உண்டு. 1979 டிசம்பரில் தொடங்கி 1990களின் முற்பகுதிவரை, வேல்ஸில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான ஆளில்லா விடுமுறை வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிக்கப்பட்டன. ‘மெய்பியோன் க்லிந்தூர்’ என்ற பெயரில் இரகசியமாக இயங்கினவர்கள் அதற்கு உரிமை கோரினார்கள். இருநூறுக்கு மேற்பட்ட தாக்குதல்கள். எரித்தவர்களைப் போற்ற எங்களுக்கு மனமில்லை. எரிந்த வீட்டில் யாரும் வந்து வாழப்போவதில்லை, எந்தத் தீயாலும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. ஆனால் ‘அழகிய, அமைதியான கிராமம்’ எண்டு ஒரு வரி எழுதும்போது, அந்த அமைதிக்குள் இதுவும் கிடக்கிறது எண்டு தெரிந்திருக்க வேண்டும்.

ஏன் அங்கே வீடு இவ்வளவு பெரிய விசயம்? வெல்ஷ் பேசுகிறவர்கள் 2011 குடிசன மதிப்பீட்டில் 562,000 பேர், அதாவது 19.0 வீதம். 2021இல் 538,300 பேர், 17.8 வீதம். 2050இல் பத்து லட்சம் பேர் பேச வேண்டும் என்பது வேல்ஸ் அரசாங்கத்தின் இலக்கு. இந்த மொழி இன்னும் கடையிலும் பேருந்திலும் கேட்கிற பகுதிகளில் முதன்மையானது குவினெத் மாவட்டம், அங்கே 64.4 வீதம் பேர் பேசுகிறார்கள். விடுமுறை வீட்டுக்கு ஆட்கள் தேடுகிற மலையும் கடலும் கிடப்பதும் அதே மாவட்டத்தில்தான். ஒரு தெருவில் பத்து வீட்டில் ஆறு வீடு குளிர்காலம் முழுக்கப் பூட்டிக் கிடந்தால், மிச்சம் நாலு வீட்டுக்காரர் யாரோடு கதைக்கிறது? மொழி புத்தகத்தில் பத்திரமாக இருக்கலாம். மதிலுக்கு மேலால் எட்டி “சாப்பிட்டாச்சோ” எண்டு கேட்க ஆள் வேணும்.

வேல்ஸ் அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2022 ஒக்ரோபரிலிருந்து திட்டமிடல் சட்டத்தில் வீடுகள் மூன்று வகை: நிரந்தரமாக வாழும் வீடு, இரண்டாவது வீடு, குறுகியகால வாடகை வீடு. 2023 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடுகளுக்கு வழமையான வரிக்கு மேலதிகமாக 300 வீதம்வரை அறவிட உள்ளூராட்சி சபைகளுக்கு அதிகாரம் கிடைத்தது. விடுமுறை வீட்டை ஒரு வியாபாரமாகக் கணக்கில் காட்ட வேண்டுமென்றால், அதே மாதத்திலிருந்து வருடத்தில் குறைந்தது 182 நாளாவது அதில் வாடகைக்கு ஆட்கள் இருந்திருக்க வேண்டும். முன்பு 70 நாள் போதும். 2024 செப்ரெம்பரில் குவினெத் சபை இன்னொரு படி போனது: நிரந்தர வீட்டை விடுமுறை வீடாக மாற்ற முன்அனுமதி வேண்டும் என்ற விதி. அதை எதிர்த்தவர்கள் நீதிமன்றம்வரை போனார்கள்.

எதிர்த்தவர்கள் எல்லாரையும் வெளியூர்ப் பணக்காரர் எண்டு நினைத்துவிட வேண்டாம். செம்மறி வளர்த்து வருகிற வருமானம் போதாமல், சொந்த மாட்டுக்கொட்டிலைத் திருத்தி வாடகைக்கு விட்டு அந்தக் காசில் பண்ணையைக் காப்பாற்றுகிற வெல்ஷ் பேசும் குடும்பங்களும் இருக்கின்றன. மலைமேல் பண்ணையில் ஜனவரி மழைக்கு யார் வந்து தங்குவது, 182 நாளை எப்படி நிரப்புவது எண்டு அவர்கள் கேட்கிறார்கள். திருத்தின கொட்டில் சிலவற்றுக்கு, விடுமுறைத் தங்கலுக்கு மட்டுமே பாவிக்கலாம் என்ற நிபந்தனையோடுதான் கட்டட அனுமதியே கிடைத்திருக்கும். அவற்றில் ஒரு குடும்பத்தைக் குடியேற்ற விரும்பினாலும் முடியாது. வாடகை வீட்டைச் சுற்றி வேலையும் இருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், பின்னேரம் நாலு மணிக்கு அடுத்தது வரும். இடையில் உள்ள ஆறு மணித்தியாலத்தில் படுக்கை விரித்து, அடுப்புச் சாம்பல் அள்ளி, மேசையில் ஒரு ‘பாரா பிரித்’ கேக்கும் வைத்துவிட்டுப் போகிறவர் அந்த ஊர்க்காரர். பூட்டியே கிடக்கிற இரண்டாவது வீட்டால் அந்த வேலைகூட வராது.

இதையெல்லாம் வாசித்த பிறகு அந்த 40 வீட்டையும் எப்படிப் பார்ப்பது? எங்களுக்குள் பெரிய சண்டை. ஒருத்தி எல்லாமே பறிப்பு எண்டாள். மற்றவள், “அப்ப அந்தக் கல்வீடெல்லாம் இடிஞ்சு விழட்டும் எண்டு விடுறதோ?” எண்டாள். மூன்றாவது ஆள் தேத்தண்ணி போட்டாள். கடைசியில் மூன்று பேருக்கும் சரிப்பட்ட ஒரு கேள்வி கிடைத்தது: இந்த இடம் விடுமுறைக்கு விடப்படாமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்னவாக இருந்திருக்கும்?

இந்தக் கேள்வியோடு பட்டியலுக்கு வெளியேயும் போய்ப் பார்த்தோம். வடக்கு வேல்ஸில் டென்பிக்ஷயர் பக்கம் டோல்பெலிடர் எண்டு ஒரு கல்வீடு, 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே வாழ்ந்த ஹென்றி சால்ஸ்பரி எழுதிய வெல்ஷ் மொழி இலக்கண நூல் 1593இல் வெளிவந்தது. இலக்கணம் வெல்ஷுக்கு, நூல் இலத்தீனில். பிற்காலத்தில் அந்த வீடு கூரையும் இல்லாமல் பாழாய்க் கிடந்தது. ‘லான்ட்மார்க் ட்ரஸ்ட்’ என்ற அறக்கட்டளை அதைத் திருத்தி எடுத்து இப்போது விடுமுறைக்கு விடுகிறது. வருகிற வாடகைதான் இப்படியான கட்டடங்களைப் பராமரிக்கிற காசு. வாடகை இல்லாவிட்டால் அங்கே கல்லுக்குவியல்தான் இருந்திருக்கும். ஒரு மொழியின் இலக்கணக்காரர் இருந்த வீட்டில் யாரும் ஒரு கிழமை போய்த் தூங்கி எழும்பலாம் என்பது எங்களுக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது. நன்னூலுக்கு உரை எழுதினவர் வீட்டில் படுத்தெழும்பக் கிடைத்தால் எப்படியிருக்கும் எண்டு மொழியியல்காரி ஏங்கினாள்.

போர்ட்மெய்ரியன் வேறு மாதிரி. க்ளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டடக்கலைஞர் 1925இல் ஒரு கழிமுகக் காணியை வாங்கி, ஐம்பது வருடத்துக்கு மேல் எடுத்து, இத்தாலிய ஊர் மாதிரி வர்ணமடித்த ஒரு கிராமத்தைக் கட்டினார். வேறெங்கோ இடிக்கப்படவிருந்த கட்டடங்களின் தூண்களையும் கூரைகளையும் கொண்டுவந்து பொருத்தினார். தொடக்கத்திலிருந்தே அது விருந்தினருக்கான ஊர். நோயல் கவார்ட் 1941இல் ஒரு கிழமை போல அங்கே இருந்து ‘ப்ளைத் ஸ்பிரிட்’ நாடகத்தை எழுதினார். கொஞ்சம் பொம்மை வீடு மாதிரித்தான்.

லீன் தீபகற்பத்தின் முனைக்கு அப்பால் என்லி தீவு. இருபதாயிரம் புனிதர்கள் புதைக்கப்பட்ட தீவு என்பது ஐதீகம். 1979இலிருந்து தீவு ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. 1870களில் கட்டின பண்ணைவீடுகளைக் கோடையில் கிழமைக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். கரையிலிருந்து மின்கம்பி வராது, கழிப்பறை வெளியே, நீரோட்டம் சரியில்லாவிட்டால் போட் வராது, குறித்த நாளில் திரும்பிப் போக முடியாமலும் போகலாம். 2023இல் இருண்ட வானத்துக்கான சர்வதேசச் சான்றிதழ் பெற்ற தீவு. நாங்கள் மூன்று பேரும் போனால் முதலில் போவது அங்கேதான் எண்டு ஏகமனதாக முடிவெடுத்தோம், போட்காசு தவிர எல்லா ஏற்பாடும் தயார்.

கடைசியாக நான்ற் குர்தெய்ர்ன். லீன் கரையில், செங்குத்தான மலைக்குக் கீழே, கல்லுடைப்பவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் கட்டின இரண்டு வரிசை வீடுகள். குவாரி மூடியதும் சனம் ஒவ்வொன்றாக வெளியேறி, 1959இல் கடைசிக் குடும்பமும் போனது. கதவு ஜன்னல் இல்லாத பேய் ஊர். அந்தப் பகுதியில் வைத்தியராக வேலை செய்த கார்ல் க்ளவ்ஸ் முன்னின்று ஓர் அறக்கட்டளை அமைத்து, காசு சேர்த்து, 1978இல் அந்த ஊரையே வாங்கினார்கள். 1982இல் அங்கே முதல் வெல்ஷ் மொழி வகுப்பு நடந்தது. இன்றைக்கு அந்த வரிசைவீடுகளில் ஆட்கள் தங்குகிறார்கள், மொழி படிக்கிறார்கள், கலியாணமும் நடக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதாலேயே ஒரு மொழி தேய்ந்துதான் ஆக வேண்டும் என்ற விதி இல்லை என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கு சாட்சி.

இந்த நாலு இடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேள்வியின் மற்றப் பக்கம் தெளிவாகும். கூரை நல்லா இருக்கிற, பள்ளிக்கூடத்துக்குக் கிட்ட இருக்கிற, பக்கத்து ஊர் தாதி ஒருத்தரோ பஸ் ஓட்டுநர் ஒருத்தரோ குடியிருக்கக்கூடிய ஒரு வரிசைவீட்டை வாங்கி வெள்ளையடித்து வாடகைக்கு விட்டால், அதன் விடை ‘ஒரு குடும்பம்’. அந்த 40இல் அப்படி எத்தனை எண்டு எங்களுக்குக் கொடுத்த படிவத்தைக் கொண்டு சொல்ல முடியாது. ‘முன்பு என்னவாக இருந்தது’ என்ற பத்தி இருந்தது. ‘கடைசியாக யார் வாழ்ந்தது’ என்ற பத்தி இருக்கவில்லை.

முப்பத்திரண்டாவது வீட்டில்தான் சோதனை வந்தது. பெயர் ஹென் வெய்டி, பழைய மாட்டுக்கொட்டில். குறிப்பில் ஒரு வரி: விருந்தினருக்கு இந்தப் பெயரை உச்சரிக்கக் கஷ்டமாக இருக்கிறது, கடலோடு சம்பந்தப்பட்ட நல்ல ஓர் இங்கிலீஷ் பெயர் சொல்லவும்.

வேல்ஸில் இது தனி வீட்டுப் பிரச்சினை இல்லை. வீட்டுப்பெயர்களும் பண்ணைப்பெயர்களும் இப்படி ஒவ்வொன்றாக மாறுவதை எதிர்த்துப் பல வருடமாகக் குரல் எழும்புகிறது. அதே நேரம் எதிர்த்திசையிலும் ஒரு காற்று அடிக்கிறது. ஸ்னோடோனியா தேசியப் பூங்கா 2022இல் தன்னை ‘எரெரி’ என்றே அழைப்பதென முடிவெடுத்தது. ப்ரெக்கன் பீக்கன்ஸ் 2023இல் ‘பன்னை ப்ரெகெய்னியோக்’ ஆனது. பெரிய மலைகள் பழைய பெயருக்குத் திரும்புகிற காலத்தில் ஒரு சின்ன மாட்டுக்கொட்டில் தன் பெயரை விடப்போகிறது. ஊர்ப்பெயரைப் பலகையில் மாற்றி எழுதினால் என்ன நடக்கும் எண்டு எங்களுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

“காசு தாறவன் கேட்டதைக் குடுக்கிறதுதானே வேலை” எண்டாள் ஒருத்தி. அவளுக்கு அந்த மாதம் வீட்டுக்குக் காசு அனுப்ப வேண்டியிருந்தது. அதை மற்ற இரண்டு பேரும் மறுக்கவில்லை. அவள் சொன்னபடி ‘கடற்காகக் கொட்டேஜ்’ உட்பட மூன்று இங்கிலீஷ் பெயர் எழுதினோம். அதற்குக் கீழே நாலாவதாக ஒரு யோசனையும் எழுதினோம்: பெயரை அப்படியே வையுங்கள், பக்கத்தில் எப்படிச் சொல்வது என்றும் அதன் பொருள் என்ன என்றும் ஒரு வரி போடுங்கள், பழைய மாட்டுக்கொட்டிலில் தூங்கினேன் எண்டு ஊருக்குப் போய்ச் சொல்ல விருந்தினருக்கும் ஒரு கதை கிடைக்கும். அக்கா வாசித்துவிட்டு, “என்னடி, இதுக்கு மேலதிகக் காசு வராது கண்டியளோ” எண்டா. ஆனாலும் அனுப்பினா.

இரண்டு கிழமைக்குப் பிறகு பக்கம் வந்தது. மேலே பெரிதாகக் கடற்காகம். கீழே சின்ன எழுத்தில் ஹென் வெய்டி, உச்சரிப்பும் பொருளும். இதை வெற்றி எண்டு சொல்லலாமோ தெரியாது, பெயர் பக்கத்தை விட்டுப் போகவில்லை. மிச்சம் எட்டு வீட்டுக்கும் கேட்காமலே அந்த வரியைச் சேர்த்தோம், ஆரும் எடுக்கச் சொல்லவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு லண்டனிலோ கார்டிஃபிலோ மாமா, சித்தி இருப்பார்கள். பள்ளி விடுமுறைக்குக் குடும்பமாகச் சேர்ந்து வேல்ஸில் ஒரு வீடு எடுத்து, அரிசிச் சட்டியும் தூளும் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டு, கடற்கரையில் நின்று படம் அனுப்புகிறவர்கள். அவர்களிடம் சொல்ல எங்களிடம் சில விசயம் இருக்கிறது. போங்கோ, நல்ல நாடு, 1,400 கிலோமீற்றர் கரையோரம் முழுக்க நடக்க 2012இலிருந்து ஒரே பாதை இருக்கிறது. வீட்டைத் தெரியும்போது அது இப்படி வாடகைக்கு விடப்படாவிட்டால் என்னவாக இருந்திருக்கும் எண்டு ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. பாழிலிருந்து மீண்ட வீடு, பண்ணைக்காரர் தன் முற்றத்தில் வைத்திருக்கிற கொட்டில், அறக்கட்டளையின் வீடு எல்லாம் தேடினால் கிடைக்கும். கூட்டமில்லாத மாதத்தில் போங்கோ, சாமானை ஊர்க்கடையில் வாங்குங்கோ. தலைக்கு ஒரு இரவுக்கு 1.30 பவுண்வரை அறவிடச் சபைகளுக்கு இடம்கொடுக்கிற சட்டம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. அது எங்கேயாவது நடைமுறைக்கு வந்தால் முகம் சுளிக்காமல் குடுங்கோ.

வாசல் பலகையில் என்ன எழுதியிருக்கிறது எண்டும் பாருங்கோ. வாய்க்குள் நுழையாத பெயராக இருந்தால், பக்கத்துப் பண்ணையில் கேட்டுச் சரியாகச் சொல்லப் பழகுங்கோ. அந்தக் காற்று ஊதுகிற ‘ல’ முதல் நாள் வராது. ‘ழ’ வருகிற வாய்க்கு மூன்றாம் நாள் வந்துவிடும்.